கடைசி இடம் வென்ற சேகரன்

வாழ்க சேகரன்! மைசூர் மண்டி மொஹல்லாவின் மாண்புறு மைந்தன், அட்டைப்பெட்டி ஆலையில் அறுபது பேரை அதட்டி ஆளும் மேற்பார்வையாளன், அடியவர் பஜனை மண்டலியின் நிரந்தரச் செயலாளன், ஓடும் பேருந்தின் படிக்கட்டில் ஒன்பது பேரை ஒரு தோளால் ஒதுக்கி ஏறும் ஒப்பிலான், ரேஷன் கடை வரிசையில் இருபதாவது ஆளாய்ப் போய்ச் சேர்ந்து இரண்டாவது ஆளாய்ச் சர்க்கரை வாங்கித் திரும்பும் வித்தகன், கல்யாணப் பந்தியின் முதல் இலையைப் பிறர்க்கு ஈந்தறியாத பெருந்தகை. அன்னவனின் பணிவைப் பாட வந்திருக்கிறோம். ஆமாம், பணிவைத்தான். சிரிக்கிறவர்கள் சற்றுப் பொறுங்கள்.

சாமுண்டி மலை உச்சியில் வீற்றிருந்து இந்த ஊர்க் கூத்து அத்தனையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் தாயே, இப்போரைச் சொல்லி முடிக்கும் வரை எங்கள் நாவில் நில். நடுவில் உனக்கே சிரிப்பு வந்தால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

காவிரிக்கரை ஆசிரமத்துச் சாந்தபூர்ணானந்த சுவாமிகள் ஆண்டுக்கு ஒருமுறை மைசூருக்கு எழுந்தருளுவார். மண்டலியின் கூடத்தில் அரைமணி நேரம் பேசுவார். பிறகு அடியவர் ஒருவர் வீட்டில், ஒரே ஒரு வீட்டில், நடுப்பகல் உணவு கொள்வார். அது எந்த வீடு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். கூடத்தில் யாரையாவது பார்த்து, “இன்னிக்கு உங்க வீடு” என்பார், எழுந்துவிடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக மண்டலியின் முதல் வரிசை ஆண்டுதோறும் அடைந்த நசுங்கலைச் சொல்லி மாளாது. அவ்வரிசையின் நட்டநடு நாற்காலியில் பதினான்கு ஆண்டுகளாக இருந்தவன் நம் நாயகன் என்பதையும், பதினான்கு ஆண்டுகளாகச் சுவாமிகள் அவன் தலைக்கு மேலாகவே பார்த்து வந்தார் என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

போன ஆண்டு அந்த விபரீதம் நடந்தது. வாசலில் செருப்புகளைக் காவல் காக்கும் லிங்கம்மா, ஹனூர்ப் பக்கத்துக்காரி, உள்ளே வர இடமில்லாமல் கதவோரம் நின்றிருந்தாள். சுவாமிகள் அவளைக் கைகாட்டி அழைத்தார். “பின்னால நிக்கறவங்களத்தான் நான் முதல்ல பாக்கறேன்” என்றார். எழுந்து அவளுடைய ஒற்றை அறை வீட்டுக்கு நடந்து போய், ராகிக் களியும் கீரைக் குழம்பும் உண்டு, இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். வீட்டில் எட்டு வகைக் கறி சமைத்து வைத்திருந்த முதல் வரிசையினர் அன்று இரவுவரை அந்தக் கறியையே தின்றார்கள்.

அவ்வாக்கியம் மண்டலியின் எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஞானம் பிறந்தது என்று சொல்லமாட்டோம், கணக்குப் புரிந்தது. அன்று முதல் அடியவர் எல்லாரும் பின்னால் நிற்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமை பஜனைக்கு முதலில் வருவது அகங்காரம் என்று முடிவாயிற்று. ஆகவே ஆறு மணிப் பஜனை ஏழரைக்கும் தொடங்கவில்லை, ஏனெனில் எவரும் முதலில் வரத் துணியவில்லை, எல்லாரும் தெருமுனைக் காப்பிக் கடையில் ஒளிந்து நின்று அடுத்தவர் உள்ளே போகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆர்மோனியம் மேடையிலிருந்து நடுக்கூடத்துக்கும் அங்கிருந்து வாசற்படிக்கும் பெயர்ந்தது. “நீங்க முன்னாடி வாங்க” என்பது வணக்கமாக இருந்து வசையாக மாறியது. இதைத்தான் சுவாமிகளின் வருகை உள்ளூர் ஆன்மிகத்துக்கு ஊட்டிய புத்துயிர் என்று மண்டலியின் ஆண்டறிக்கை குறிப்பிடுகிறது. எழுதியவன் சேகரன்.

இவ்வாண்டு அவனுக்கு வாய்த்த நெருக்கடி பெரிது. மனைவி வடிவின் தம்பி மனோஜ்குமார் சாமராஜநகரில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தன். அவன் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு எம்.எல்.ஏ. வந்து, நின்றபடியே பாதி டம்ளர் காப்பி குடித்துப் போனார். அந்தப் பாதி டம்ளரை ஆறு வருடமாக மனோஜ்குமார் குடும்பத்தின் ஒவ்வொரு விசேஷத்திலும் பரிமாறி வருகிறான். அந்த வாயை அடைக்க வேண்டும். அடைத்தே தீரவேண்டும் என்று வெறிகொண்ட நம் நாயகன், “ஞாயித்துக்கிழமை சுவாமிகள் நம்ம வீட்ல சாப்பிடறார், நீ குடும்பத்தோட வந்துரு மாப்ளே” என்று போனில் முழங்கிவிட்டான். சுவாமிகளிடம் இதைச் சொல்லியிருந்தானா என்றால் இல்லை.

வீட்டுச் சுவருக்குப் பிஸ்தாப் பச்சை அடித்தான். சுவாமிகள் அமர்வதற்கென்று ஒரு நாற்காலி வாங்கி, அதில் எவரும் உட்காராதபடி மூன்று வாரம் கயிறு கட்டி வைத்தான். வடிவு ஞாயிறன்று விடியுமுன் எழுந்து அடுப்பங்கரையில் நின்றவள், கத்தரிக்காய்ச் சாம்பார், ரசம், அவரைப் பொரியல், பாயசம் என்று ஒவ்வொன்றாய் இறக்கிக்கொண்டே கணவனைக் கேட்டாள்.

“சாமி வரேன்னு சொன்னாரா?”

“வருவாரு.”

“அத கேக்கல. சொன்னாரா?”

“வடிவு, இதெல்லாம் ஆன்மிகம். உனக்குப் புரியாது. சாம்பாரப் பாரு.”

அவள் சாம்பாரைப் பார்த்தாள்.

ஞாயிறு காலை பத்துமணிக்குப் போர் மூண்டது. கேளுங்கள், உலகத்தீரே! பண்டைப் போர்க்களங்களில் முன்னேறியவன் வீரன், புறமுதுகு காட்டியவன் கோழை. மண்டி மொஹல்லாக் களத்திலோ நீதி தலைகீழ். பின்னேறுபவனுக்கே வாகை, முன்னே தள்ளப்பட்டவனுக்கு ஆறாப் பழி. கூடத்தில் ஏழு வரிசைச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆறு வரிசை அனாதையாய்க் கிடக்க, ஏழாம் வரிசையின் எட்டு நாற்காலிகள்மீது முப்பத்தாறு அடியவர்கள் கூப்பிய கையும் குத்தும் முழங்கையுமாய்ப் பாய்ந்தனர். “பெரியவங்க நீங்க, முன்னாடி போங்க!” என்று ஒருவன் எறிய, “ஐயோ, உங்க வயசுக்கு நீங்கதான் முன்னாடி!” என்று மற்றவன் தடுத்து எறிந்தான். தாழ்மை மோதித் தாழ்மை தெறித்தது. ஒரு நாற்காலியின் கால் முறிந்தது.

சேகரன் அச்சிறு சமரில் சிக்கவில்லை. ஏழாம் வரிசைக்குப் பின்னும் ஒரு சுவர் உண்டு, சுவருக்குப் பின்னும் ஒரு வாசல் உண்டு என்று கண்ட தொலைநோக்கன் அவன். முகம் மேடையை நோக்க, கரம் குவிந்திருக்க, பாதங்கள் மட்டும் நண்டுபோல் பின்னோக்கி ஊர, சுவரைக் கடந்தான், நிலையைக் கடந்தான், சென்ற ஆண்டு லிங்கம்மா நின்ற புண்ணியத் தலமாகிய செருப்புக் குவியலின்மீது வெறுங்காலோடு ஏறி நின்றான்.

“அண்ணா, எறங்குங்ணா!” என்று லிங்கம்மா அலறினாள். “சோடி கலஞ்சு போச்சுன்னா எல்லாரும் என்னையத்தானே கேப்பாங்க!”

அவன் இறங்கினான், அவளுக்காக அல்ல. தனக்குப் பின்னால், படிக்கும் கீழே, சந்தின் நடுவில், மண்டலித் தலைவர் சுப்பையா நிற்பதைக் கண்டுவிட்டான்.

சுப்பையா யார்? மஞ்சளும் மல்லியும் மூட்டை மூட்டையாய் விற்கும் மொத்த வியாபாரி. சர்க்கரை வியாதிக்கு நாளெல்லாம் மாத்திரையும், பிரசாத லட்டுக்கு மட்டும் விதிவிலக்கும் கொண்டவர். அறுபது வயதுக்கும் தொண்ணூறு கிலோவுக்கும் அதிபதி. அவர் வீட்டிலும் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. இரு வீரர்களும் ஒருவரையொருவர் வணங்கினர். அவ்வளவு பகைமையோடு இருவர் கைகூப்பியதை அந்தச் சந்து அதற்குமுன் கண்டதில்லை.

“சேகரா, நீ சின்னவன். முன்னாடி போப்பா” என்றார் சுப்பையா.

“தலைவர் நீங்க. உங்களுக்குப் பின்னாடி நிக்கறதுதான் எனக்கு மரியாத” என்று சேகரன் கணை தொடுத்து, ஓரடி பின்வைத்தான்.

அவர் ஈரடி பின்வைத்தார். மாவு மில் கடந்தது. அவன் மூன்று வைத்தான். பாத்திரக் கடை கடந்தது. வெயிலேற, ஸ்கூட்டர்கள் ஹாரன் அடிக்க, ஆட்டோக்காரர்கள் கன்னடத்தில் அன்னை தந்தையரை விசாரிக்க, கூடத்து வாசலில் பிதுங்கிய அடியவர் கூட்டமும் அவர்கள் பின்னே சந்தில் வழிந்து, இனிப் பின்வாங்கத் தெம்பின்றி ஆங்காங்கே நின்றது. இருவர் மட்டுமே பின்னேறிப் பின்னேறி, சந்து முடிந்து பெரிய சாலை தொடங்கும் இடத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரைக் காக்கும் கம்பி வேலியை வந்தடைந்தனர். வேலிக்கும் சுப்பையாவின் முதுகுக்கும் இடையே அரையடி இருந்தது. வேறெவனுக்கும் அது வெறும் இடைவெளி. இருபது வருடம் பேருந்தில் பயின்ற சேகரனுக்கு அது சிம்மாசனம். வயிற்றை எக்கினான், மூச்சை அடக்கினான், பக்கவாட்டில் சறுக்கி உட்புகுந்தான். சட்டை முதுகில் ஒரு சாண் கிழிந்தது. வென்றான்! மண்டையோடும் எலும்பிரண்டும் எழுதிய அபாயப் பலகை அவன் சிரத்துக்குப் பின்னே ஒளிவட்டமாய்த் துலங்க, அகில மண்டலியின் ஆகக் கடைசி மனிதனாய் நின்றான். அவனுக்குப் பின்னால் பதினோராயிரம் வோல்ட் தவிர வேறொன்றும் இல்லை.

இந்நேரம் சுவாமிகளின் கார் சந்துமுனைக்கு வந்தது. சந்தை அடைத்து நின்ற பணிவினால் அது உள்ளே நுழைய முடியவில்லை. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தார். எவரும் திரும்பவில்லை, திரும்பினால் முதலில் கண்டவராகிவிடுவார்களே. அவர் பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போய், மேடையை ஒட்டிய சமையற்கட்டுக் கதவில் சுவாமிகளை இறக்கிவிட்டார்.

கூடத்தில் ஆறு வரிசை காலி. முதல் வரிசையில், நட்டநடு நாற்காலியில், மின்விசிறிக்கு நேர்கீழே, ஒரே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வடிவு. அப்பளம் பொரிக்கலாமா, வேண்டாமா என்று கணவனைக் கேட்டுப் போக வந்தவள், அவனைக் காணாமல், கால் மரத்துப்போனதால் அமர்ந்திருந்தாள். சுவாமிகளைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

“உக்காரும்மா. எல்லாரும் எங்க?”

“பின்னாடிங்க சாமி. நீங்கதான் சொன்னீங்களாம், பின்னாடி நிக்கறவங்களத்தான் மொதல்ல பாப்பேன்னு.”

“நானா?” என்றார் சுவாமிகள். “எப்போ?”

வாசலில் மிச்சமிருந்த சில அடியவர்களைப் பார்த்து, வாருங்கள் என்று கையசைத்தார். அவர்கள் மெய்சிலிர்த்து இன்னும் ஓரடி பின்வாங்கினார்கள். சுவாமிகள் பெருமூச்சு விட்டார். பிறகு காற்றை முகர்ந்தார்.

“உம்மேல பெருங்காயம் மணக்குதே. என்ன சமையல்?”

“கத்திரிக்கா சாம்பாருங்க. காத்தால இருந்து நின்னுட்டே செஞ்சது, அதான் உக்காந்துட்டேன். தப்புங்களா?”

“உக்காரத்தானே நாற்காலி போடறது. வீடு தூரமா?”

“ரெண்டு தெருதாங்க.”

“அப்போ இன்னிக்கு உங்க வீடு” என்றார் சுவாமிகள். “பேச்சு யாருக்குப் பேசறது? பசிக்குது. நடம்மா.”

இனி, கடைசி இடத்தில் கற்றூணாய் நிற்கும் காவலனுக்கு நேர்ந்த சோதனைகளைக் கேளுங்கள்.

முதல் சோதனை சுப்பையா உருவில் வந்தது. அவருக்கு யாரோ போன் செய்தார்கள். கேட்டதும் தொண்ணூறு கிலோவும் துள்ளிற்று. “ஏ சேகரா, சுவாமி பின்பக்கமா வந்து, ஆய்த்து, எல்லாம் முடிஞ்சு கிளம்பியும் போய்ட்டாராம்! சாப்பாடு உன் வீட்லதானாம்! வா, வா!” என்று கூவினார். நம் நாயகன் புன்னகைத்தான். எத்தனை மலிவான தந்திரம்! தன்னைப் பெயர்த்துவிட்டுத் தான் நிற்கப் பார்க்கிறார் கிழவர்!

“நீங்க முன்னாடி போங்க தலைவரே” என்றான்.

சுப்பையா ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்துவிட்டு ஓடினார். சந்தில் நின்ற கூட்டமும் ஓடிற்று. போங்கள், போங்கள், முன்னேறும் அற்பர்களே என்று உள்ளுக்குள் உரைத்தான் சேகரன்.

இரண்டாம் சோதனையாக லிங்கம்மா மூச்சு வாங்க வந்தாள். “அண்ணா, சாமி உங்கூட்டுக்குத்தாங்ணா போயிருக்காரு. அக்கா உங்களைக் கூட்டியாரச் சொல்லிச்சு.”

போன வருடம் ருசி கண்டவள், விடுவாளா? இடத்தைத் திரும்பப் பிடிக்க வந்திருக்கிறாள். சேகரன் கண்களை மூடிக்கொண்டான். அவள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்து, “கிறுக்குப் புடிச்சிருச்சாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவதாகக் கைபேசி அதிர்ந்தது. வடிவு. அப்பளம்தான் என்று துண்டித்தான். மறுபடி அதிர்ந்தது, மனோஜ்குமார்.

“மாமா, எங்க இருக்கீங்க? சாமி உங்க புது நாற்காலில உக்காந்துட்டாரு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். சும்னே, சும்மா நின்னுக்கிட்டு அங்க என்ன பண்றீங்க?”

நெஞ்சில் தைத்தது. கேலி! ஆறு வருடக் காப்பியின் திமிர்! சேகரன் நிமிர்ந்தான், கிழிந்த சட்டை வெயிலில் கொடியெனப் படபடக்க, மாவு மில்காரன் வெளியே வந்து பார்க்கும்படி முழங்கினான். “மாப்ளே, பொறு! நான் நிக்கற இடம் எப்படிப்பட்ட இடம்னு உனக்குத் தெரியாது. இங்க நிக்கறவனத்தான் அவர் மொதல்ல பாப்பாரு!” என்று சொல்லிக் கைபேசியை அணைத்து வைத்தான்.

நின்றான். பன்னிரண்டு மணி வெயிலில் நின்றான். தார் உருகிக் குதிகாலைச் சுட, ஒரு காலை ஊன்றி மறுகாலை ஆற்றி, மறுகாலை ஊன்றி முதற்காலை ஆற்றி, தவசிகளே தலைகுனியும்படி நின்றான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: ஒருமுறை அவனுக்குச் சந்தேகம் வந்தது. மயிலிறகளவு சந்தேகம். வீட்டுக்கு ஓடிப் பார்த்துவிடலாமா என்று ஒரு கால் எழுந்தது. ஓடினால் இந்த இடம் போய்விடும். பதினான்கு வருடம் முதல் வரிசையில் வீணானவன் பதினைந்தாவது வருடத்தைக் கடைசி நிமிடத்தில் கோட்டை விடுவதா? கால் திரும்பவும் தாரில் இறங்கியது.

ஒரு மணி இருக்கும். அவன் முதுகுக்குப் பின்னே, பெரிய சாலையில், ஒரு கார் வந்து நின்றது. சேகரன் கூடத்தை நோக்கியே நின்றான், திரும்புவது அடக்கமன்று. காருக்குள் பின்னிருக்கையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாந்தபூர்ணானந்த சுவாமிகள், வேலியோடு வேலியாய் ஒட்டி நிற்கும் கிழிந்த சட்டையைக் கண்டார். தெருவிலிருந்த அத்தனை பேரிலும் அவனைத்தான் முதலில் கண்டார். வாக்குப் பலித்தது! டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கூவினார்.

“சார், கரண்ட் பெட்டி அது! ஸ்வல்ப முந்தெ பன்னி சார்!”

முன்னே வரவேண்டுமாம்! சற்று முன்னே! எத்தனை வேடங்களில் வருகிறாள் மாயை! நம் நாயகன் உதட்டில் அரும்பிய இளநகையோடு, திரும்பாமலே, வேலியில் இன்னும் ஒரு விரற்கடை ஒண்டினான். டிரைவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். கார் போயிற்று.

பிறகு சந்து ஓய்ந்தது. மாவு மில்காரன் சாப்பிடப் போனான். லிங்கம்மா ஒரு ஜோடி செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ஹால் பூட்டியாச்சுங்ணா. எல்லாரும் மாட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. உங்களுது மட்டுந்தான் மீதி.”

அவன் செருப்பைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதில் தந்திரம் எதுவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொள்ளவும் மறந்து, கையில் பிடித்தபடியே ஓடினான். வாழ்நாளில் பேருந்துக்குக்கூட அப்படி ஓடியதில்லை.

பிஸ்தாப் பச்சை வீட்டின் வாசலில் எச்சில் இலைகள் நாற்பதுக்கு மேல் குவிந்திருந்தன. பணிவெல்லாம் பந்தியில் உதிர்ந்துபோய், முதல் இலைக்குச் சுப்பையா பாய்ந்ததில் பாயசக் குண்டான் கவிழ்ந்து, கூடமெங்கும் எறும்பு. கயிறு அவிழ்த்த நாற்காலியில் மனோஜ்குமார் சாய்ந்து உட்கார்ந்து, சுவாமிகளின் தோளோடு தோளாய்த் தான் நிற்கும் படத்தைச் சாமராஜநகர் முழுவதற்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். இனி எத்தனை விசேஷங்கள், எத்தனை வருடங்கள்!

“சாமி ரெண்டு தடவ கேட்டாரு, வீட்டுக்காரர் எங்கம்மான்னு” என்றாள் வடிவு. தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்; எழுந்திருக்கவில்லை. “உங்களத்தான் பாக்க நிக்கறாரு சாமின்னு சொன்னேன். இத்தன பேர் வருவாங்கன்னு யாருக்குத் தெரியும்? உள்ள பானையில இருக்கு, போட்டுக்கோங்க.”

சாம்பார் தீர்ந்துபோயிருந்ததால், சேகரன் ஊறுகாய் தொட்டுக்கொண்டு மோர்சாதம் சாப்பிட்டான்.